முதுமையில் உணவும் மனமும்: குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டியவை

வீட்டிலுள்ள பெரியவர் முன்போல் பேசுவதில்லை. மாலையில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அடிக்கடி தேடுகிறார். தட்டில் வைத்த சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார். இத்தனையையும் பார்த்த வீட்டார் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைச் சொல்கிறார்கள்: "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்."

அந்த விளக்கம் பல நேரங்களில் தவறானது. எழுபது வயதைத் தாண்டிய ஒரே காரணத்தால் எவரும் உண்பதையும் பேசுவதையும் நிறுத்திவிடுவதில்லை. அவ்வாறு நேர்ந்தால் அதற்குப் பின்னால் காரணம் ஒன்று இருக்கிறது. அக்காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். அவ்வாறு தேடும்போது நாங்கள் மீண்டும் மீண்டும் வந்து சேரும் இரண்டு காரணங்கள் ஊட்டச்சத்துக் குறைபாடும் மனச்சோர்வும். இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன, வீட்டிலிருந்தபடியே அவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது, என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவழியிலும் சுழலும் வட்டம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இது தனி ஒருவருடைய வரலாறு அன்று; புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் நிலைகளைச் சேர்த்து எழுதியது.

72 வயதுத் தாய் ஒருவர். கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பிள்ளைகள் வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். சைவ உணவுப் பழக்கம் உடையவர். பத்தாண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்கிறார். "ஒருத்திக்காக எதற்குக் குழம்பும் கூட்டும்" என்று எண்ணி, ரசம் சாதத்தோடும் இரண்டு வேளைக் காபியோடும் நாளைக் கழிக்கிறார். 58 கிலோவாக இருந்த எடை 53 ஆகிவிட்டது. பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் உணர்கிறார். இரவில் உறக்கம் இல்லை. மாத்திரை போட்டோமா என்பதே நினைவில் இருப்பதில்லை. விடுமுறைக்கு வந்த மகன், அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று அஞ்சி மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்.

பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருக்கிறது. மனநிலையை அறியும் வினாக்களுக்கு அவர் அளித்த விடைகள் மனச்சோர்வைக் காட்டுகின்றன. உடலில் தசையும் குறைந்திருக்கிறது. இம்மூன்றில் எது முதலில் வந்தது? துயரத்தால் உணவு குறைந்தது. உணவு குறைந்ததால் உடல் தளர்ந்து மனம் மேலும் சோர்ந்தது. மனம் சோர்ந்ததால் சமைக்கும் விருப்பமும் போயிற்று. மாத்திரையும் உணவுப் பழக்கமும் சேர்ந்து பல ஆண்டுகளாக பி12 இருப்பைக் கரைத்துவந்தன. வட்டம் எந்த இடத்தில் தொடங்கியது என்று திட்டவட்டமாகச் சொல்ல இயலாது. ஆனால் எந்த இடத்திலும் அதை அறுக்க முடியும் என்பதுதான் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முக்கியம். உணவு, பி12, மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை. ஒன்றை மட்டும் கவனித்து மற்றவற்றை விட்டுவிட்டால் முன்னேற்றம் பாதியில் நின்றுவிடும்.

மூளையும் உணவை நம்பியே இயங்குகிறது

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. ஆயினும் ஓய்வாக இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது பயன்படுத்துகிறது. குளுக்கோஸை ஆற்றலாக மாற்றத் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வேண்டும். நரம்புகளைச் சுற்றியுள்ள உறையைப் பேண வைட்டமின் பி12 வேண்டும். மனநிலை, உறக்கம், பசி ஆகியவற்றோடு தொடர்புடைய செரோடோனின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்க, புரதத்திலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் வேண்டும். மூளைக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்லும் இரத்தத்துக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் வேண்டும். இவை அனைத்தும் நாம் உண்ணும் உணவிலிருந்தே வர வேண்டும்.

உணவுக் குறைவு மனத்தைப் பாதிக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் தெளிவான சான்றுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிவியலாளர் ஓர் ஆய்வை நடத்தினார். உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். 24 வாரங்களுக்கு அவர்களின் உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் எடையில் கால்பங்கு குறைந்தபோது அவர்களின் இயல்பும் மாறிவிட்டது. எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை, பிறரிடமிருந்து ஒதுங்குதல், ஒன்றில் மனத்தை நிறுத்த இயலாமை ஆகியவை தோன்றின. உணவு மீண்டும் கிடைத்த பின் அவர்கள் படிப்படியாகத் தேறினார்கள். இளமையும் உடல்வலிமையும் உடையவர்களுக்கே இந்நிலை என்றால், பல நோய்களோடு வாழும் முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு சான்று பெல்லக்ரா என்னும் நோய். நியாசின் என்னும் பி வகை வைட்டமின் குறைவால் வரும் இந்நோயில் தோல் கருத்து உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் கண்ட பலர் மனநோயாளிகளாகக் கருதப்பட்டுக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், சத்துக் குறைந்த உணவே காரணம் என்று நிறுவினார். மனநோய் என்று எண்ணப்பட்ட ஒன்று உணவு மாற்றத்தால் குணமாயிற்று.

முதுமையில் உணவு ஏன் குறைகிறது?

காரணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதலாவது, உடலின் மாற்றங்கள். நாவின் சுவையும் மூக்கின் மணமும் மங்குகின்றன. உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கிறது. பல் இல்லாததாலும் பல் செட் பொருந்தாததாலும் சுண்டல், இறைச்சி, காய்கறி போன்றவற்றை மென்று உண்ண முடிவதில்லை. ஆகவே கஞ்சியும் குழைந்த சாதமுமே உணவாகிவிடுகின்றன. சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு வருகிறது. மலச்சிக்கல் பசியை மேலும் கெடுக்கிறது.

இரண்டாவது, நோய்களும் மருந்துகளும். தைராய்டு கோளாறு, காசநோய், புற்றுநோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், பார்க்கின்சன் நோய் போன்றவை பசியையோ எடையையோ குறைக்கக்கூடும். மாத்திரைகள் பல சேரும்போது வாய்க் கசப்பும் குமட்டலும் ஏற்படலாம்.

மூன்றாவது, வீட்டுச் சூழல். மருத்துவ அறிக்கை எதிலும் இது எழுதப்படுவதில்லை. ஆனால் பல நேரங்களில் இதுவே முதன்மைக் காரணமாக இருக்கிறது. துணையை இழந்தவர் தனியாக அமர்ந்து உண்கிறார். ஒரு மாதம் மூத்த மகன் வீடு, மறுமாதம் இளைய மகன் வீடு என்று முறைவைத்து உண்பவர், இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்படுகிறார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தைப் பாட்டி எழுபத்தைந்து வயதிலும் விடுவதில்லை. இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று அஞ்சித் தாத்தா மாலைக்குப் பின் தண்ணீரே குடிப்பதில்லை. விரத நாட்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் "சர்க்கரை, உப்பு, எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் குறையுங்கள்" என்று சொல்லப்பட்ட கட்டுப்பாட்டை, எடை கரைந்த பின்னும் விடாமல் கடைப்பிடிப்பவர்களும் உண்டு. மெலிந்துவரும் முதியவருக்குப் பழைய பத்தியத்தைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வைட்டமின் பி12: தனிக் கவனம் தேவை

முதியோரின் நினைவாற்றலையும் மனநிலையையும் பாதிக்கும் குறைபாடுகளில் எளிதில் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் கூடியது இது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் ஆகிய விலங்குவழி உணவுகளில் மட்டுமே பி12 இயல்பாக உள்ளது. கீரை, காய், பழம், பருப்பு எவ்வளவு உண்டாலும் இது கிடைக்காது. எனவே பாலையும் குறைத்துக்கொண்ட சைவ உணவாளருக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம்.

உணவில் இருந்தாலும் அதை உடல் ஏற்றுக்கொள்ள வேண்டும். உணவிலுள்ள பி12 பிரிந்து வர இரைப்பையின் அமிலம் தேவை. முதுமையில் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கும், நீண்டகாலம் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கும் பி12 குறையக்கூடும். இதைப் படித்துவிட்டு அம்மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானது. ஆகையால் குறைபாட்டின் விளைவு மெதுவாக, எவரும் கவனிக்காத வகையில் வருகிறது. பாதங்களில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்கு சிவந்து வழவழப்பாதல், களைப்பு, மறதி, எரிச்சல், சோர்ந்த மனநிலை, சிலருக்குக் காரணமற்ற சந்தேகம் ஆகியவை இதன் அடையாளங்கள். "ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே, பி12 எப்படிக் குறையும்?" என்று சிலர் கேட்பதுண்டு. இரத்தசோகை இல்லாமலே பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்படலாம் என்பது 1988ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்வில் விளக்கப்பட்டுள்ளது. அதேபோல், பி12 குறைந்திருப்பவர் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் உட்கொண்டால் இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும்.

ஊசியாகவோ மாத்திரையாகவோ பி12 அளித்தால் இரத்தம் சில வாரங்களில் சீராகும். நரம்புகள் தேற மாதங்கள் ஆகலாம். மிகத் தாமதமாகக் கண்டறிந்தால் முழுமையாகத் தேறாமலும் போகலாம். காலம் தாழ்த்தாமல் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

மனச்சோர்வு முதியவரிடம் எப்படித் தோன்றும்?

"எனக்கு மனம் சரியில்லை" என்று நம் முதியவர்கள் சொல்வது அரிது. "உடம்பு முடியவில்லை", "வாய் கசக்கிறது", "சோறு இறங்கவில்லை", "தலை ஒரு மாதிரி இருக்கிறது" என்றே சொல்வார்கள். அழுகை இல்லாதிருக்கலாம். பேரக்குழந்தை வந்தாலும் முகம் மலராமை, செய்தித்தாளைப் புரட்டாமை, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளுதல், "நான் இருந்து யாருக்கு என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள். இத்தகைய மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். முதியோருக்கென்றே 1980களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட மனச்சோர்வு வினாப்பட்டியல் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவில் 15 வினாக்கள். "ஆம்", "இல்லை" என்று விடையளித்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மனச்சோர்வு: வாரக்கணக்கில் வளரும். கேட்டால் "தெரியவில்லை" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார். மறதியைப் பற்றி அவரே குறைப்பட்டுக்கொள்வார்.

மறதி நோய் (டிமென்ஷியா): மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் மெல்ல வளரும். பல நேரங்களில் மறதியை அவர் உணர்வதில்லை. வீட்டாரே முதலில் கவனிப்பார்கள். உண்டதை மறந்து மீண்டும் கேட்கலாம். உண்ணாமலே உண்டுவிட்டதாகவும் சொல்லலாம்.

திடீர் மனக்குழப்பம் (டெலிரியம்): சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தோன்றும். ஒரு பொழுது தெளிவு, மறுபொழுது பிதற்றல் என மாறிக்கொண்டே இருக்கும். நீர்வறட்சி, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல், சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று போன்றவை காரணமாகலாம். இது அவசர நிலை.

இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம். எது என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. எப்போது தொடங்கியது, எவ்வளவு விரைவாக வளர்ந்தது என்பதைச் சொல்ல அருகிலிருக்கும் உங்களால்தான் முடியும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

1. எடை. மாதத்துக்கு ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், காலை உணவுக்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முயற்சி ஏதும் செய்யாமல் ஆறு மாதங்களுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. உடல் பருமனாக இருப்பவருக்கும் இவ்விதி பொருந்தும்; பருத்த உடலிலும் சத்துக் குறைபாடு இருக்கலாம்.

2. கெண்டைக்காலின் சுற்றளவு. கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசை குறைந்திருக்கக்கூடும். காலில் வீக்கம் உள்ளவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது.

3. மூன்று நாள் உணவுக் குறிப்பு. தட்டில் வைத்ததை எழுதாதீர்கள், உண்டதை எழுதுங்கள். "மதியம்: சாதம் பாதி, ரசம், பொரியல் தொடவில்லை" என்பதே போதும்.

4. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். வளையல், மோதிரம், இடுப்புப் பட்டை தளர்வது, பல் செட் ஆடுவது, நாற்காலியிலிருந்து கையூன்றி எழுவது ஆகியவை எடைக்கருவி இல்லாத வீட்டிலும் தெரியும்.

தட்டில் ஒரு கணக்கு

முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவு மாறுபடும். அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

நாம் அடிக்கடி காணும் ஒரு நாளைக் கணக்கிடுவோம். காலை இரண்டு இட்லியும் சட்னியும் சுமார் 5 கிராம். இரண்டு வேளைக் காபியிலுள்ள பால் 4 கிராம். மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம் 5 கிராம். மாலை இரண்டு பிஸ்கட் 1 கிராம். இரவு ஒரு தோசை அல்லது கஞ்சி 3 கிராம். மொத்தம் 18 கிராம். வயிறு நிறைகிறது; ஆனால் தேவையில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

அதே நாளில் சிலவற்றைச் சேர்ப்போம். காலையில் ஒரு முட்டை 6 கிராம். முற்பகலில் குழைய வெந்த சுண்டல் ஒரு சிறு கிண்ணம் 8 கிராம். மதியம் கெட்டிப் பருப்பு ஒரு சிறு கிண்ணம் 6 கிராம். தயிர் ஒரு கிண்ணம் 5 கிராம். இரவு ஒரு தம்ளர் பால் 6 கிராம். இப்போது கணக்கு 49 கிராமைத் தொடுகிறது. மீன் உண்பவர்கள் 100 கிராம் மீனிலேயே ஏறத்தாழ 20 கிராம் புரதம் பெறலாம். நம் கடைகளில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் விலை மலிந்தவை, சத்து மிகுந்தவை. முட்டை உண்ணாதவர்கள் பொட்டுக்கடலைச் சட்னி, பாசிப்பருப்புப் பாயசம், நிலக்கடலை, பனீர் ஆகியவற்றால் ஈடுசெய்யலாம். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்தும், நிலக்கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்தும் தரலாம்.

அரிசி உண்போருக்கு ஒரு சிறு குறிப்பு: நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிமணிக்குள் செல்கிறது. ஆகவே தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் இச்சத்து மிகுதி.

தண்ணீரை மறவாதீர்கள். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால் கேட்டுக் குடிக்கமாட்டார்கள். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, மோர், ரசம் ஆகியவற்றையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுத் தம்ளர் நீர் செல்லட்டும். பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டால் இரவில் எழும் தொல்லை குறையும்.

எப்படிப் பரிமாறுவது?

மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்து ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். நிறைந்த தட்டைக் கண்டாலே மலைத்துப்போகும் முதியவர், சிறு கிண்ணத்தில் வைத்ததை உண்டுவிடுவார். அவர் அதிகம் உண்ணும் வேளை பெரும்பாலும் காலையாக இருக்கும். சத்து மிகுந்த உணவை அப்போதே வையுங்கள். சோற்றில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் அளவு கூடாமலே ஆற்றல் கூடும்.

"சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்" என்று நின்றுகொண்டு வற்புறுத்துவதைவிட, அருகில் அமர்ந்து நீங்களும் உண்பது நல்ல பயன் தரும். நாளில் ஒரு வேளையாவது குடும்பத்தோடு உண்ணச் செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஆயிற்று" என்ற விடைதான் வரும், "இன்று என்ன குழம்பு?" என்று கேட்டால் உண்மை தெரியும். முடிந்தவர்களிடம் கீரை ஆய்தல், பட்டாணி உரித்தல் போன்ற சிறு வேலைகளைக் கொடுங்கள். தம்மால் பயனுண்டு என்ற எண்ணமும் உணவின் மணமும் பசியைத் தூண்டும். உண்ணும்போது அடிக்கடி இருமினாலோ புரையேறினாலோ அதை விழுங்கும் கோளாறாகக் கருதி மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பல நாட்களாக ஏறத்தாழ ஒன்றுமே உண்ணாதவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பது ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சடுதியில் தாழ்ந்து இதயம் பாதிக்கப்படலாம். ஐந்து நாட்களுக்கு மேல் உணவு செல்லாதிருந்தால் மருத்துவமனையில் மேற்பார்வையோடு உணவைத் தொடங்குவதே பாதுகாப்பு.

மாத்திரைகளால் என்ன முடியும், என்ன முடியாது?

குறைபாடு இருப்பவருக்கு அக்குறைபாட்டை நிரப்புவது சிகிச்சை. குறைபாடு இல்லாதவருக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் மனம் தெளியும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் ஐந்தாண்டுகள் வைட்டமின் டி மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. மனச்சோர்வைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே விளம்பரத்தைப் பார்த்து விலையுயர்ந்த சத்து மாவுகளையும் மாத்திரைகளையும் வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதேபோல், அல்சைமர் நோயால் வந்த மறதியை பி12 ஊசி குணமாக்காது. அந்நோயிலும் நல்ல உணவு உடலைக் காக்கும், திடீர் மனக்குழப்பம் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

மனச்சோர்வுக்கு மருந்து பரிந்துரைக்கப்பட்டால் அஞ்ச வேண்டாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். அவற்றுள் சில பசியைத் தூண்டுபவை. சில தொடக்கத்தில் குமட்டலைத் தரலாம். சில இரத்தத்தின் சோடியத்தைக் குறைக்கலாம். எடை குறைந்துவரும் முதியவர் என்று முன்கூட்டியே சொன்னால் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க இயலும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உரையாடல் வழிச் சிகிச்சை, காலை நடை, பிறரோடு பழகும் வாய்ப்பு ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

திடீரெனக் குழப்பமாகப் பேசுதல், ஆட்களை அடையாளம் தெரியாமை, எழுப்பினாலும் விழிக்காத அளவு உறக்கம்.

ஒரு முழு நாளுக்கு மேல் உணவோ நீரோ செல்லாமை. சிறுநீர் மிகக் குறைந்துபோதல். உணவு குறைந்த நாளிலும் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ வழக்கம்போல் கொடுத்துவிட்டு மயக்கம் காணுதல்.

சாவைப் பற்றியோ உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றியோ பேசுதல். இதை வயதானவரின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

மருத்துவரைக் காண வரும்போது

உட்கொள்ளும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்து வாருங்கள். எடைக் குறிப்பு, மூன்று நாள் உணவுக் குறிப்பு, பல் செட், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள். இரத்த அணுக்கள், பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகள் பெரும்பாலும் தேவைப்படும். பெரியவரோடு மருத்துவர் சிறிது நேரம் தனியாகப் பேச விரும்பினால் இடமளியுங்கள். பிள்ளைகள் முன் சொல்லத் தயங்குவதை அப்போது சொல்வார்.

இம்மாத இறுதிக்குள் இரண்டு செயல்களை மட்டும் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவரின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் மதியம் அவர் உண்டு முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருங்கள். எதை உண்கிறார், எதை ஒதுக்குகிறார், எதைப் பேசுகிறார் என்பதை அப்போது கவனியுங்கள். எங்களிடம் வரும்போது அதையும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது பெரிதும் உதவும்.